ஏ3 (வழக்கில் மூன்றாவது குற்றவாளி) வெளியே வந்துவிட்டான். அம்மா கொலை வழக்கு அப்பீலில் எங்களுக்கு இடம் உண்டா?

அயனாவரம் மகள்:

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம், ஆடிக் கிருத்திகை ராத்திரி. அயனாவரத்தில் அம்மா வீடு. அப்பா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தபோது கட்டியது. அவர் போன பிறகு அம்மா கீழ்ப்போர்ஷனில் தனியாக இருந்தார். மாடியில் குடியிருந்தவர்கள் திருத்தணி போயிருந்தார்கள். அது தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்று பிறகு போலீஸ் சொன்னது. பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளை நெம்பிவிட்டு இரண்டு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். மூன்றாமவன் தெருமுனையில் பைக்கோடு நின்றிருக்கிறான். அம்மா விழித்துக்கொண்டு சத்தம் போட்டிருக்க வேண்டும். வாயில் துண்டை அடைத்து, மேலே இன்னொரு துணியால் இறுக்கிக் கட்டி, கையையும் கட்டிவிட்டு நகையோடு போய்விட்டார்கள். காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா எனக்குப் போன் செய்தார். மூச்சுத் திணறி இறந்ததாகப் போஸ்ட்மார்ட்டத்தில் வந்தது.

இரட்டை வடச் சங்கிலி, வளையல்கள், ஒரு காதுத் தோடு போயின. இன்னொரு தோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

செஷன்ஸ் கோர்ட்டில் நான்தான் முதல் சாட்சி. போன வருஷம் தீர்ப்பு வந்தது. உள்ளே போன ஏ1, ஏ2 இருவருக்கும் கொலைக்கான இ.பி.கோ. 302-ல் ஆயுள், கூடவே இரவில் வீடு புகுந்ததற்கு 460, கொள்ளைக்கு 392, 397. பைக்கில் நின்ற ஏ3-க்கு 460-ல் மட்டும் பத்து வருஷம். மூன்று பேரும் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அதோடு நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வாரம் என் கொழுந்தன் கொன்னூர் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையில் ஏ3-ஐப் பார்த்திருக்கிறார். சாவகாசமாக உட்கார்ந்து பன் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனை விடுதலை செய்துவிட்டார்களா? செய்தால் எங்களுக்குச் சொல்ல மாட்டார்களா? அப்பீல் விசாரணையில் நான் மறுபடி கூண்டில் ஏற வேண்டுமா? அந்தத் தரப்பு வக்கீல், "இந்த டிசைன் தி.நகர் முழுக்கக் கிடைக்குமே அம்மா, உங்க அம்மாவோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நகையைக் கோர்ட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கி பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறோம். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். சங்கிலியை அழித்து அவளுக்கு வேறு செய்யலாம் என்கிறார் மாமியார். செய்யலாமா?

மாதவரம் மணி:

எல்லாம் காசு மேடம். ஜாமீனுக்கு ஒரு ரேட், அப்பீலுக்கு ஒரு ரேட். நாலு வருஷம் இழுப்பாங்க, அப்புறம் சந்தேகத்தின் பலன்னு சொல்லி மூணு பேரையும் வெளியே விடுவாங்க. பிடிச்ச அன்னிக்கே ஓட விட்டுச் சுட்டிருக்கணும்.

பழைய குமாஸ்தா:

மணி தம்பி, அந்த அம்மா கேட்டது உங்கள் ஆத்திரத்தை இல்லை. கொஞ்சம் ஒதுங்கி இருங்கள்.

அம்மா, நான் வக்கீல் இல்லை. தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் தலை நரைக்கும்வரை குமாஸ்தாவாக இருந்தவன். அவர் எப்போதும் எதிரித் தரப்புக்குத்தான் ஆஜராவார். அதாவது உங்கள் ஏ1, ஏ2 மாதிரி ஆட்களுக்கு. அதனால் அந்தப் பக்கம் கேஸ் கட்டை எப்படிப் படிப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அதைச் சொன்னாலே உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

முதலில் ஏ3. அவன் விடுதலை ஆகவில்லை. தண்டனை நிறுத்திவைப்பு என்று ஒன்று உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 430. (இனி நான் சொல்லும் எண்களெல்லாம் பழைய சட்டங்களின் எண்கள்தான்.) அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்தி ஜாமீனில் அனுப்புவது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் நிற்கிறது. அப்பீல் தோற்றால் திரும்பப் புழல் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை தரத்தக்க குற்றம், ஆயுள் தண்டனைக் குற்றம் என்றால் அரசு வக்கீல் எழுத்து மூலம் எதிர்ப்புச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் வெளியே விட முடியாது. கொடுத்திருப்பார்கள், அவரும் இரண்டு பாரா எழுதியிருப்பார்.

ஏன் விடுகிறார்கள் என்று கேட்டால், 1977-ல் காஷ்மீரா சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கேட்ட கேள்விதான் காரணம். அப்பீலைச் சீக்கிரம் கேட்க முடியாத நிலையில் ஆளை உள்ளேயே வைத்திருந்து, கடைசியில் நிரபராதி என்று தெரிந்தால், போன வருஷங்களை யார் திருப்பித் தருவது? 302-ல் ஆயுள் வாங்கியவனுக்கு இந்த வாதம் லேசில் எடுபடாது. பத்து வருஷத்தில் ஒரு பகுதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்ட, வீட்டுக்குள் கால் வைக்காத ஆளுக்கு எடுபடும். இதற்குக் காசு வேண்டியதில்லை தம்பி மணி, சுமாரான ஜூனியரே போதும்.

அடுத்தது, நீங்கள் கூண்டேற வேண்டாம். அப்பீல் என்பது மறு விசாரணை இல்லை. செஷன்ஸில் நீங்கள் சொன்னதெல்லாம் டைப் அடித்த கட்டாக இரண்டு நீதிபதிகள் மேஜையில் இருக்கும். 391-ன் கீழ் கூடுதல் சாட்சியம் எடுக்க அதிகாரம் உண்டு, ஆனால் அது அபூர்வம். அங்கே வக்கீல் பேசுவதெல்லாம், "பி.டபிள்யூ. ஒன்று, பக்கம் இன்னது, கடைசி வரியிலிருந்து படிக்கிறேன் மை லார்ட்ஸ்" என்பதுதான். பி.டபிள்யூ. ஒன்று என்றால் அரசுத் தரப்பு முதல் சாட்சி, நீங்கள்தான். நீங்கள் அழுதது பதிவாகியிருக்காது. "ஆமாம்", "இல்லை", "ஞாபகம் இல்லை" இவைதான் பதிவாகியிருக்கும். எங்கள் சீனியர் இந்த "ஞாபகம் இல்லை"களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைப்பார்.

கட்டு கைக்கு வந்ததும் அவர் என்ன பார்ப்பார் தெரியுமா? தீர்ப்பை இல்லை. எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்பதைத்தான். மாஜிஸ்திரேட் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு நேரம் எழுதியிருப்பார். காலையில் பதிவான எஃப்.ஐ.ஆர். ராத்திரி போய்ச் சேர்ந்திருந்தால், "இடையில் உட்கார்ந்து ஜோடித்தார்கள்" என்று ஆரம்பித்துவிடலாம். அடுத்தது, நகைகளும் துண்டும், பொருளை அனுப்பும் படிவமான ஃபார்ம் 95-ல் கோர்ட்டுக்குப் போன தேதி. கைப்பற்றிய அன்றே போனதா, ஸ்டேஷன் பீரோவில் ஒரு மாதம் தூங்கியதா? அப்புறம் 313 கேள்விகள், அதாவது சாட்சியங்களைப் பற்றி நீதிபதி எதிரியிடம் கேட்பவை. ஒரு சங்கதியை எதிரியிடம் கேள்வியாகக் கேட்டு விளக்கம் வாங்காமல் விட்டிருந்தால் அதை அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஒரு வழக்கில் ரத்தக் கறை ரிப்போர்ட் முழுவதையும் இப்படியே கழற்றிவிட்டார்.

உங்கள் வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி யாரும் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் சந்தர்ப்ப சாட்சியம்தான். 1984 சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பைத்தான் எல்லாரும் எடுத்து வைப்பார்கள். ஒவ்வொரு சங்கதியும் தனித்தனியாக நிரூபணமாகி, எல்லாம் சேர்ந்து இவன்தான் செய்தான் என்ற ஒரே முடிவுக்குக் கொண்டுபோக வேண்டும், வேறு யாராவது செய்திருக்கலாம் என்பதற்கு இடமே இருக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அரசுத் தரப்புக்கு இதில் பெரிய பிடி, நகை. திருட்டு நடந்த கொஞ்ச காலத்துக்குள் திருட்டுப் பொருளை வைத்திருந்து, எப்படி வந்தது என்று விளக்கம் சொல்லாதவன் திருடன், அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று கோர்ட் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டம் 114-ல் முதல் உதாரணமே இதுதான். கொலையும் திருட்டும் ஒரே நேரத்தில் நடந்திருந்தால் அந்த ஊகம் கொலைவரை நீளலாம். கர்நாடகத்து ஈரபத்ரப்பா வழக்கில், 1983-ல், வேலைக்காரன் நகையோடு பிடிபட்டது கொலை நடந்து ஒரு வருஷம் கழித்து. அப்படியும் ஊகம் நின்றது, தலைமறைவாகவே இருந்தான் என்பதால். தூக்கை மட்டும் ஆயுளாகக் குறைத்தார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். சங்கிலி யாரிடமிருந்து, எங்கிருந்து எடுக்கப்பட்டது? அது அம்மாவுடையது என்று கோர்ட்டில் எப்படி அடையாளம் காட்டினீர்கள்? "எங்க அம்மாது எனக்குத் தெரியாதா" என்று மட்டும் சொல்லியிருந்தால் சீனியர் சிவப்புப் பேனாவைத் திறந்துவிடுவார்.

அயனாவரம் மகள்:

ஐயா, ரொம்ப நன்றி. விடுதலை இல்லை என்று படித்ததும்தான் மூச்சு வந்தது.

சங்கிலி அடகுக் கடையிலிருந்து எடுத்தார்கள். ஏ2 சொல்லி, அவனை ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லி எடுத்ததாக இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்னார். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, இவன்தான் வைத்தான் என்று காட்டினார். சம்பவம் நடந்த அதே வாரத்தில் போட்ட ரசீது. வளையல்கள் ஏ1 வீட்டில் அரிசிப் பானைக்குள் இருந்தன. தோடு கிடைக்கவே இல்லை.

அடையாளம் பற்றி: அந்தச் சங்கிலியின் கொக்கி ஒருமுறை அறுந்துபோனது. எங்கள் தெருவிலேயே பட்டறை வைத்திருந்த பத்தரிடம் அம்மா கொடுத்தார். அவர் கைவசம் இருந்த வேறு தங்கத்தில் எஸ் கொக்கி வளைத்துப் போட்டுவிட்டார். சங்கிலி நல்ல மஞ்சள், கொக்கி மட்டும் செம்பு கலந்து லேசாகச் சிவப்படிக்கும். பற்ற வைத்த இடத்தில் கடுகளவு மேடு இருக்கும், கழுத்தில் உறுத்துகிறது என்று அம்மா அதைச் சுற்றி நூல் சுற்றி வைத்திருப்பார். மாற்றித் தரச் சொல்லிப் பத்தரிடம் சண்டைகூடப் போட்டார். அதை நான் கோர்ட்டில் சொன்னேன். பத்தரும் வந்து, இது என் கை வேலைதான் என்று சொன்னார். நீதிபதி சங்கிலியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்தார்.

பெயர் வேண்டாம்:

இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம் அக்கா. இருந்தாலும் சொல்கிறேன்.

என் தம்பியும் ஒரு வீடு புகுந்து திருடிய வழக்கில் ஏ4-ஆக இருந்தவன். அதிலும் ஒரு பெரியவர் செத்துப்போனார். சம்பவத்தன்று ராத்திரி ஏ1 இவனுக்குப் போன் செய்திருந்தான், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், தினமும் பேசுகிறவர்கள்தான். போன் பதிவையும் போலீஸ் எழுதிய வாக்குமூலத்தையும் வைத்துச் செஷன்ஸில் தண்டனை கொடுத்தார்கள். ஹைகோர்ட்டில் விடுதலை. அதற்குள் அவனுக்குப் பார்த்து வைத்த பெண் வேறு இடத்தில் கல்யாணமாகிப் பிள்ளையையும் பெற்றுவிட்டாள். அம்மா புழல் வாசலில் மனு போட்டு நின்று நின்றே கால் வீங்கிப் போனவள்.

உங்கள் அம்மாவுக்கு நடந்ததற்கு யார் காரணமோ அவன் உள்ளேயே கிடக்கட்டும். ஆனால் ஏ3-யிடமிருந்து என்ன எடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. ஒருவன் டீ குடிப்பதைப் பார்த்து இவன்தான் என்று முடிவு கட்டாதீர்கள். தெருவில் எங்கள் வீட்டையும் அப்படித்தான் பார்த்தார்கள், தம்பி வெளியே வந்த பிறகும்.

அயனாவரம் மகள்:

கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பதில் எழுத ஒரு நாள் தள்ளிப்போட்டேன்.

ஏ3-யிடம் நகை எதுவும் எடுக்கவில்லை. பைக்கை எடுத்தார்கள். தெருமுனை மளிகைக் கடை கேமராவில் ஒருவன் பைக்கில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. முகம் தெரியாது, நம்பர் பிளேட் பாதி தெரியும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் ஓடிவந்து பின்னால் ஏறுகிறார்கள். அதைப் பென் டிரைவில் போட்டுக் கோர்ட்டில் காட்டினார்கள். ஏ3 ஏ1-க்குச் சொந்த அத்தை மகன். அம்மா வீட்டுக்கு ஒருமுறை தண்ணீர் கேன் போட வந்திருக்கிறான். என் மனசுக்கு அது போதும்.

எழும்பூர் ஜூனியர்:

கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். குமாஸ்தா ஐயா சொன்னதில் பெரும்பாலும் எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. ஏ3 பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பீலில் உண்மையான சண்டை அவனைச் சுற்றித்தான் இருக்கும்.

இ.பி.கோ. 460-ஐ ஒருமுறை படித்துப் பாருங்கள். இரவில் ஒளிந்தோ உடைத்தோ வீட்டுக்குள் புகும்போது அவர்களில் ஒருவன் யாரையாவது கொன்றாலோ கொடுங்காயப்படுத்தினாலோ, அப்படிப் புகுவதில் கூட்டாகச் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் ஆயுளோ பத்து வருஷம் வரையிலான சிறையோ தரலாம். இரவு என்றால் சூரியன் மறைந்து உதிப்பதற்குள். அவன் வக்கீல் என்ன சொல்வார்? "என் கட்சிக்காரன் வாசற்படி ஏறவில்லை, தெருவில் நின்றான், அதுவும் அவன்தானா என்பதே தெரியாது" என்பார். இதில் முதல் பாதி அவ்வளவாக ஓடாது. கல்கத்தா சங்கரிடோலா போஸ்ட் ஆபீஸில் போஸ்ட்மாஸ்டரைச் சுட்ட வழக்கில், நான் வெளியே நின்றேன், சுட்டது நான் இல்லை என்றுதான் பரேந்திர குமார் கோஷும் சொன்னார். பொது நோக்கத்தோடு காவல் நிற்பதும் குற்றத்தில் பங்குதான் என்று 1925-ல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. பொது நோக்கத்தைப் பற்றிய 34-வது பிரிவுக்கு இன்றும் அதுதான் அடிப்படை.

இரண்டாம் பாதிதான் ஆபத்து. கேமரா காட்சிக்கு, மின்னணுப் பதிவுக்கான 65பி சான்றிதழ் வாங்கினார்களா? மூலக் கருவியையே கோர்ட்டுக்குக் கொண்டுவராமல் பென் டிரைவ் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர் சாட்சி சொன்னாரா, சான்றிதழில் கையெழுத்துப் போட்டாரா என்று தீர்ப்பில் பாருங்கள். அது இல்லையென்றால், முகம் தெரியாத காட்சியும் அத்தை மகன் உறவும் தண்ணீர் கேனும் அவனைப் பத்து வருஷம் உள்ளே வைக்கப் போதாது. உங்கள் மனசுக்குப் போதும் என்பது எனக்குப் புரிகிறது. கோர்ட்டுக்குப் போதாது. பெயர் வேண்டாம் நண்பர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஏ1, ஏ2 பக்கம் இன்னொரு வாதம் வரும், தயாராக இருங்கள். "சத்தம் வராமல் இருக்கத்தான் துணி அடைத்தோம், கொல்ல நினைக்கவில்லை" என்று சொல்லி 302-ஐ, கொலைக்குக் குறைந்த குற்றமான 304 இரண்டாம் பகுதிக்கு இறக்கப் பார்ப்பார்கள். அது பத்து வருஷம் வரைதான். 1958 விர்சா சிங் தீர்ப்புப்படி, கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது மட்டும் கேள்வி இல்லை. அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினார்களா, இயல்பில் அது சாவுக்குப் போதுமானதா என்று பார்ப்பார்கள். துண்டு எவ்வளவு ஆழத்தில் இருந்தது, மேலே கட்டிய துணி மூக்கையும் மூடியதா என்று போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் சொன்னதில்தான் இது நிற்கும். படிக்க மனசு வராது, வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு அப்பீலில் இடம் உண்டா என்றால், உண்டு, ஆனால் எல்லை உண்டு. உங்கள் சார்பில் ஒரு வக்கீல் அரசு வக்கீலுக்கு உதவலாம், அனுமதி பெற்று எழுத்து வாதம் கொடுக்கலாம். அரசு வக்கீலை ஒதுக்கிவிட்டுத் தனியாக வாதாட முடியாது, 2019-ல் ரேகா முராரகா வழக்கில் சொன்னது. ஏ3-க்கு 302 கொடுக்காமல் குறைந்த குற்றத்தில் தண்டித்ததை எதிர்த்துப் பழைய நடைமுறைச் சட்டம் 372-ன் கீழ் நீங்களே அப்பீல் போடலாம், முன் அனுமதி தேவையில்லை. தாமதத்துக்குத் தனி மனு போட வேண்டும். தண்டனை வருஷம் போதாது என்று மட்டும் அப்பீல் போட உங்களுக்கு உரிமை இல்லை, அது அரசின் வேலை. அவர்கள் போட்ட அப்பீலில் தண்டனை கூடாது. குறையலாம், ரத்தாகலாம், அப்படியே நிற்கலாம். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் சாட்சியத்துக்கு ஏ3 மேல் 372 போடுவது வீண் செலவு. 460-ஐக் காப்பாற்றுவதே பெரிய காரியம்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஹைகோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100-க்கும் போன் செய்யலாம். ஜாமீன் உத்தரவு வந்ததை உங்களுக்குத் தெரிவிக்கச் சட்டத்தில் தானாக நடக்கும் ஏற்பாடு இல்லை. அரசு வக்கீலுக்குத்தான் நோட்டீஸ். ஆனால் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று 2022 ஜக்ஜீத் சிங் தீர்ப்பு இருக்கிறது, அதை வைத்து இனிமேல் வரும் மனுக்களில் உங்கள் வக்கீல் நுழையலாம். ஏ3 உங்கள் வீட்டுப் பக்கம் வந்தாலோ மிரட்டினாலோ உடனே எழுத்தில் புகார் கொடுங்கள், ஜாமீனை ரத்து செய்யக் கேட்க முடியும். டீ குடிப்பதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பழைய குமாஸ்தா:

ஜூனியரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் சீனியர் இருந்திருந்தால் ஆபீசுக்குக் கூப்பிட்டிருப்பார்.

நகைக்கு வருகிறேன். முதலில், ஏ2 காட்டி எடுத்தது நல்ல செய்தி. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தில் பொருளைக் கண்டுபிடிக்க உதவிய வார்த்தை மட்டும்தான் செல்லும், சாட்சியச் சட்டம் 27. இந்தக் கடையில் வைத்தேன், வந்தால் காட்டுகிறேன் என்பது செல்லும். வாயில் துணி அடைத்தேன் என்பது செல்லாது. புலுக்குரி கோட்டையா வழக்கிலிருந்தே இதுதான் நிலை. நம் பழைய மதராஸ் மாகாணத்து குண்டூர்ப் பக்கத்து வழக்கு, பிரிவி கவுன்சில் வரை போனது. கடைக்காரர் ரசீதோடு வந்து நின்றதால் அந்தச் சங்கிலி போலீஸ் ஜீப்பிலிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதே வாரத்து ரசீது என்பது இன்னும் பலம். அரிசிப் பானையும் பரவாயில்லை. ஆனால் வளையல் எல்லாக் கடையிலும் கிடைக்கிற வளையலா என்று கேட்பார்கள். உங்கள் அம்மா வழக்கு முழுவதும் அந்தக் கொக்கியில் மாட்டித்தான் தொங்குகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அழிக்கவே அழிக்காதீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கோர்ட் கேட்கும்போது அதே நிலையில் கொண்டுவருவேன், விற்க மாட்டேன், உருமாற்ற மாட்டேன் என்று இருக்கும். சொத்தை ஒப்படைக்கும் உத்தரவே, அப்பீல் இருந்தால் அது முடியும்வரை அமலாகாது என்பதுதான் 452-ல் பொது விதி. பத்திரம் எழுதிக் கொடுத்ததால்தான் உங்கள் கைக்கு முன்கூட்டியே வந்தது. நகையைக் கோர்ட் பெட்டகத்தில் வருஷக்கணக்கில் முடக்காமல், போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு, பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு வந்த சௌகரியம் இது. முன்பெல்லாம் பெண்ணுக்கு எடுத்து வைத்த நகை பேத்தி கல்யாணத்துக்குத்தான் கிடைக்கும்.

அழிக்க மட்டும் இல்லை, மெருகு போடவும் கூடாது. பத்தரிடம் கொடுத்துக் கொக்கியைச் சரி பண்ணவும் கூடாது. நீதிபதி இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்றால் அந்தச் சிவப்புக் கொக்கியும் கடுகளவு மேடும் அப்படியே இருக்க வேண்டும். மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். கல்யாணத்தன்று மகள் கழுத்தில் போடத்தான் வேண்டும் என்றால் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டு போடுங்கள். மண்டபத்தில் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அந்த நூல் இன்னும் இருக்கிறதா?

அயனாவரம் மகள்:

நூல் இல்லை ஐயா. அடகுக் கடையில் எடை போடும்போது பிரித்துவிட்டிருக்கிறார்கள். கடைக்காரர் அதையும் சொன்னார், நூல் சுற்றியிருந்தது, எடைக்காக அறுத்தேன் என்று. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய குமாஸ்தா:

யாரும் எடுத்துக்கொள்ளவில்லையா! அம்மா, நீங்கள் முதல் விசாரணையில் நூலைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களைத் தெரியாத கடைக்காரர் தானாக நூலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டுச் சொல்லவில்லை என்றால் இதைவிட என்ன வேண்டும்? குறுக்கு விசாரணையில் சொன்னாரா, முதல் விசாரணையிலா? எதிரி வக்கீலே கேள்வி கேட்டு அந்தப் பதிலை வாங்கியிருந்தால் இன்னும் விசேஷம். செஷன்ஸ் தீர்ப்பில் நீதிபதி இதை எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அரசு வக்கீல் கண்ணிலும் பட்டிருக்காது. அவர் மேஜையில் அன்றைக்கு இன்னும் பத்துக் கட்டு இருக்கும். உங்கள் வக்கீல் எழுத்து வாதத்தில் முதல் பாராவாக இதைப் போடச் சொல்லுங்கள்.

தீர்ப்பு, உங்கள் சாட்சியம், கடைக்காரர் சாட்சியம், பத்தர் சாட்சியம், டாக்டர் சாட்சியம் இவற்றுக்கு நகல் மனு போடுங்கள். தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் கட்டணம் கட்டி வாங்கலாம், 363-லேயே இருக்கிறது. ஆனால் கட்டு ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தால் செஷன்ஸில் கிடைக்காது, ஹைகோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.

அயனாவரம் மகள்:

குறுக்கு விசாரணையில்தான் என்று நினைக்கிறேன் ஐயா. அந்த வக்கீல் எடை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அப்போதுதான் கடைக்காரர் நூலைச் சொன்னார். நகல் வந்ததும் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

சங்கிலியை அழிக்கப் போவதில்லை. மகளிடம் சொன்னேன், எனக்குப் பாட்டி சங்கிலி வேண்டாம்மா, கேஸ் முடியட்டும் என்றாள். மாமியார்தான் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏ3 விஷயத்தில் ஜூனியர் மேடம் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை, ஆனால் புரிகிறது. மளிகைக் கடைக்காரர் சாட்சி சொல்ல வரவே இல்லை. அதையும் எழுதிவிட்டேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. பெயர் வேண்டாம் தம்பிக்கு: உங்கள் அம்மா கால் இப்போது எப்படி இருக்கிறது?

திங்கட்கிழமை பாரிமுனையில் ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

பெயர் வேண்டாம்:

நடக்கிறாங்க அக்கா. கேட்டதுக்கு நன்றி.

பழைய குமாஸ்தா:

ஆதார் அட்டை அசலாக எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் சி.ஐ.எஸ்.எஃப்.காரர் கேட்பார். செஷன்ஸ் தீர்ப்பின் முதல் பக்கம் ஒரு ஜெராக்ஸ். அப்பீல் எண் தெரியாவிட்டால் ஹைகோர்ட் இணையதளத்தில் ஏ1 பெயரைப் போட்டுத் தேடி, சி.என்.ஆர். எண் என்று பதினாறு எழுத்தில் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தீர்ப்பிலிருந்து வந்த அப்பீல்கள் மூன்றாக இருக்கும், மூன்றின் எண்ணும் வேண்டும். நகல் மனுவில் போலீஸ் ஸ்டேஷன் குற்ற எண்ணை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எஸ்.சி. நம்பர் என்று தீர்ப்பின் தலைப்பில் இருக்கும் செஷன்ஸ் வழக்கு எண்ணையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் நகல் பிரிவில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.